நிரல் எழுதும் நிரல் நின்றுவிட்டால்?

ஒரே மாதிரியான வரிகளை நூறு முறை எழுதுவதைவிட, அவ்வரிகளை ஆக்கித்தரும் நிரல் ஒன்றை ஒருமுறை எழுதுவது மேலன்றோ? இவ்வெண்ணத்தில் பிறந்ததே ‘சோர்ஸ் ஜெனரேட்டர்’ என்னும் நிரலாக்கி. சி ஷார்ப் மொழியில் இவ்வசதி 2020 நவம்பரில் டாட்நெட் 5 உடன் வந்தது. கம்பைலர் நம் நிரலைப் படிக்கும்போதே நிரலாக்கியையும் இயக்கி, அது தரும் வரிகளையும் சேர்த்துக்கொள்கிறது. நிரலாக்கி புதிய வரிகளைச் சேர்க்குமேயன்றி, இருப்பவற்றைத் திருத்தாது.

துறை நூலகப் பதிவேட்டைக் கணிப்பொறியில் ஏற்றும் பணியை என் புராஜெக்டாக எடுத்துக்கொண்டேன். நூல், உறுப்பினர், இரவல் ஆகிய ஒவ்வொரு கிளாசுக்கும் விவரங்களைக் கோப்பில் எழுதும் மெத்தடை என் நிரலாக்கியே ஆக்கித் தந்தது. வாய்மொழித் தேர்வுக்கு முந்திய இரவு அந்த மெத்தடின் பெயரை மாற்றினேன். எடிட்டரில் புதிய பெயர் வரும் இடமெல்லாம் சிவப்புக் கோடு! அப்படியொரு மெத்தடே இல்லையாம்.

பதற்றத்தில் அழைப்புகளைப் பழைய பெயருக்கே மாற்றினேன். கோடுகள் மறைந்தன. நிம்மதியோடு கட்டளைத் திரையில் ‘டாட்நெட் பில்ட்’ என்று இட்டேன். அங்கே பிழைகள் வரிசையாக வந்தன. எட்டிப் பார்த்த அறைத்தோழன், “ஏன்டா, ரெண்டு இடத்துலயும் ஓடுறது ஒரே கம்பைலரா?” என்றான்.

அக்கேள்வியே எனக்குப் பாடமாயிற்று. நாம் தட்டச்சிடும்போதே பிழை காட்டுவதற்காக எடிட்டர் தனக்குள் ஒரு கம்பைலரை இயக்கிக்கொண்டிருக்கிறது. அது முன்பு நினைவகத்தில் ஏற்றிய பழைய நிரலாக்கியையே பிடித்துக்கொண்டிருந்தது. கட்டளைத் திரையோ புதியதைப் பயன்படுத்தியது. சரியாக இருந்த வரிகளை நானே கெடுத்திருந்தேன்! எடிட்டரை மூடித் திறந்து, அழைப்புகளை மீண்டும் புதிய பெயருக்கு மாற்றி முடிக்க நள்ளிரவாயிற்று.

இவ்வனுபவத்தால் நான் கடைப்பிடிக்கும் முறை இது:

1. எதையும் திருத்துமுன் கட்டளைத் திரையில் பில்ட் செய்க. அங்கே சரியாக முடிந்தால் குறை எடிட்டரிடம். அதை மூடி, ‘பின்’, ‘ஆப்ஜ்’ கோப்புறைகளை நீக்கி, மீண்டும் திறக்க.

2. அங்கும் பிழையெனில் எச்சரிக்கைகளை முதலில் படிக்க. சிஎஸ்8785 எனில் நிரலாக்கி இடையில் முறிந்துவிட்டது. சிஎஸ்9057 எனில் அது நம் கம்பைலரைவிடப் புதிய பதிப்பை நாடுகிறது. இவை எச்சரிக்கைகளே ஆதலால், பின்வரும் பிழைக் குவியலில் புதைந்துபோகும்.

3. எச்சரிக்கையே இல்லையெனில் புராஜெக்ட் கோப்பைக் காண்க. நிரலாக்கி ‘அனலைசர்’ என்ற வகையில் இணைக்கப்பட வேண்டும். சாதாரண இணைப்பாக இருந்தால் அது இயங்கவே இயங்காது. அது டாட்நெட் ஸ்டாண்டர்ட் 2.0க்கு ஆக்கப்பட்டிருப்பதும் அவசியம்.

4. விரிவாக்க வேண்டிய கிளாசில் ‘பார்ஷியல்’ என்ற சொல் உள்ளதா என்று பார்க்க.

5. ‘எமிட் கம்பைலர் ஜெனரேட்டட் ஃபைல்ஸ்’ என்பதை ‘ட்ரூ’ ஆக்கினால், ஆக்கிய வரிகள் வட்டில் கோப்புகளாகக் கிடைக்கும். ஊகிப்பதை விட்டு அவற்றைக் கண்ணால் காணலாம்.

மறுநாள் தேர்வில் என் நிரல் தடையின்றி ஓடியது. ஆயினும் அன்றிரவு தோழன் எட்டிப் பார்க்காமல் இருந்திருந்தால், நிரலாக்கியையே தூக்கி எறிந்துவிட்டு எல்லாவற்றையும் கையால் எழுத உட்கார்ந்திருப்பேன். அடுத்த ஆண்டு புராஜெக்ட் செய்யவிருக்கும் தம்பி தங்கையரே, சிவப்புக் கோட்டைக் கண்டதும் திருத்தத் தொடங்காதீர்கள். அதைக் காட்டுவது எந்தக் கம்பைலர் என்று முதலில் கேளுங்கள்.