லாரியில் இரட்டை பேட்டரி: நாமும் தெரிந்து கொள்வோம்



நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கத்துக் குழுக்களில் லாரியை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் நிறைய. சொந்த வண்டி வைத்திருக்கும் வீடும் உண்டு, டிரைவர் வேலைக்குப் போகும் வீடும் உண்டு. "வண்டிக்குப் பேட்டரி போயிருச்சுங்கக்கா, உள்கடன் வேணும்" என்று வரும் மனு நமக்குப் புதிதில்லை. அதே வீட்டிலிருந்து அடுத்த வருஷமே அதே மனு மறுபடி வந்தால்? 'கம்பெனி சரியில்லை போல' என்று சொல்லி, தீர்மானம் போட்டுக் கொடுத்து விடுகிறோம். ஆனால் பல வண்டிகளில் கோளாறு பேட்டரியில் இருப்பதில்லை. ஒயரை எந்த இடத்தில் மாட்டினார்கள் என்பதில் இருக்கிறது. வட்டி கட்டப் போவது நாம். அதனால் இது ஆம்பளைங்க சமாச்சாரம் என்று ஒதுங்காமல் கொஞ்சம் கவனிப்போம்.

பெரிய லாரியில் 12 வோல்ட் பேட்டரி இரண்டு இருக்கும். முதல் பேட்டரியின் மைனஸ் வண்டிச் சட்டத்தோடு சேர்ந்திருக்கும். அதன் பிளஸ்ஸிலிருந்து ஒரு குட்டை ஒயர் இரண்டாவது பேட்டரியின் மைனஸுக்குப் போகும். இரண்டாவதின் பிளஸ்ஸிலிருந்து செல்ஃப் மோட்டாருக்குப் போகும். இப்படி ஒன்றன் பின் ஒன்றாகக் கோர்த்தால் 12ம் 12ம் சேர்ந்து 24 வோல்ட். பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் சேர்த்தால் வோல்ட் 12தான், ஆனால் தாங்கும் நேரம் இரண்டு மடங்கு. கடலோரத்தில் எஞ்சின் படகுகளில் இரண்டு பேட்டரி வைக்கும்போது, எஞ்சினை எடுக்க ஒன்று, விளக்குக்கும் ஜி.பி.எஸ்.ஸுக்கும் ஒன்று என்று சுவிட்ச் வைத்துப் பிரிப்பதுண்டு. ராத்திரி முழுக்க விளக்கு எரிந்தாலும் கரை திரும்ப எஞ்சின் எடுக்கும். அங்கே அது சரி. நம் லாரியில் இரண்டும் சேர்ந்து இழுத்தால்தான் வண்டி எடுக்கும்.

கோளாறு தொடங்குவது கேபினில். ராத்திரி படுக்க ஒரு சின்ன ஃபேன், பாட்டுப் பெட்டி, செல்போன் சார்ஜர். எல்லாம் 12 வோல்ட் சாமான். வண்டியோ 24. என்ன செய்கிறார்கள்? நடுவில் இருக்கிற அந்தக் குட்டை ஒயரிலிருந்து ஒரு ஒயர் இழுத்து விடுகிறார்கள். ஃபேனும் ஓடும், பாட்டும் பாடும். சுலபமான வேலை, செலவும் இல்லை.

ஒரு கணக்குப் பார்ப்போம். ஃபேனும் சார்ஜரும் சேர்ந்து 3 ஆம்பியர் எடுத்தால் எட்டு மணி நேரத்தில் 24 ஆம்பியர்-மணி போய்விடும். பேட்டரி 150 என்றால் ஆறில் ஒரு பங்கு. அது முழுவதும் முதல் பேட்டரியிலிருந்து மட்டும் போகிறது. இரண்டாவது அப்படியே நிறைந்து கிடக்கிறது.

இரட்டை மாட்டு வண்டி நமக்குத் தெரியும். ஒரு மாட்டை மட்டும் ராத்திரி முழுக்க ஏற்றம் இறைக்க விட்டு, காலையில் இரண்டையும் சேர்த்துப் பூட்டினால் எப்படி இருக்கும்? இதில் தீனி போடுவதும் ஒரே அளவுதான். காலையில் வண்டி ஓடும்போது டைனமோ இரண்டு பேட்டரியையும் தனித்தனியாகப் பார்ப்பதில்லை. மொத்தம் 28 வோல்ட் வந்ததா என்றுதான் பார்க்கும். நிறைந்த பேட்டரி சீக்கிரம் 15க்கு ஏறிவிடும். காலியானது 13லேயே நிற்கும். 15ம் 13ம் 28 ஆச்சு, போதும் என்று டைனமோ குறைத்துக் கொள்ளும். பசித்தது பசியோடு நிற்கிறது, வயிறு நிறைந்ததற்குத் திணிக்கிறது. ஒன்று உள்ளே தகட்டில் வெள்ளை படிந்து செத்துப் போகும். இன்னொன்று கொதித்துத் தண்ணீர் வற்றும். சில மாதம் இப்படி ஓடினால் இரண்டும் வீண். அதுவும் எங்கே தெரியும்? தொலைவில் லோடு ஏற்றி நிற்கும்போது செல்ஃப் எடுக்காது.

இதற்கு வழி, 24 வோல்ட்டை 12 ஆக்கும் கன்வெர்ட்டர். அது இரண்டு பேட்டரியிலிருந்தும் சமமாக எடுக்கும். விலை ஒரு பேட்டரி விலையில் சிறு பங்குதான். அதன் பிளஸ் ஒயரில், பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் பியூஸ் போடச் சொல்ல வேண்டும். பியூஸ் இல்லாத ஒயர் சட்டத்தில் உரசித் தேய்ந்தால் தீதான். இன்னும் சுலபம், 24 வோல்ட் ஃபேனாகவே கேட்டு வாங்குவது. செல்போன் சார்ஜர் பலவற்றில் '12-24' என்று அச்சடித்திருக்கும், அதற்குக் கன்வெர்ட்டரே வேண்டாம்.

ஒரு பேட்டரி போனால் ஒன்றை மட்டும் மாற்றுவதும் இதே கதை. புதுசும் பழசும் சமமாக இழுக்காது. ஒரே கம்பெனி, ஒரே ஆம்பியர், சேர்ந்தே வாங்க வேண்டும். கடன் கூடத்தான் ஆகும், ஆனால் ஒரு தடவையோடு போகும். வீட்டில் பெரிய இன்வெர்ட்டருக்கு இரண்டு பேட்டரி கோர்த்திருந்தால் அதற்கும் இதே பாடம்தான்.

நாமே கிட்டப் போய்ப் பார்க்கும்போது வளையல், தாலிக்கொடி, நீளச் சங்கிலி எதுவும் டெர்மினலில் படக் கூடாது. பிளஸ்ஸையும் மைனஸையும் ஒரு வளையல் தொட்டால் போதும், அது நொடியில் பழுத்துக் கையைச் சுட்டுவிடும். கழற்றும்போது சட்டத்துக்குப் போகிற மைனஸ் ஒயரை முதலில், மாட்டும்போது அதைக் கடைசியில். சார்ஜ் ஆகும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும், தீப்பொறி பட்டால் வெடிக்கும். ஆயுத பூஜைக்குக் கற்பூரத்தை வண்டியின் முன்னாடி காட்டினால் போதும், பேட்டரிப் பெட்டிக்குக் காட்ட வேண்டாம்! வற்றினால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றணும். நம் பக்கத்துப் போர் தண்ணீர் உப்பு, ஆகவே ஆகாது. ஆசிட் தோலில் பட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரி.

பழைய பேட்டரியைக் கடையிலேயே கொடுத்து விலையில் கழித்துக் கொள்ளலாம். திரும்ப எடுத்து மறுசுழற்சி செய்யும் பொறுப்பை 2022ஆம் வருஷத்து பேட்டரி கழிவு மேலாண்மை விதிகள் தயாரிப்பாளர் மேல் வைத்திருக்கின்றன. வீட்டு வாசலில் உடைத்து ஈயம் எடுக்க விடாதீர்கள். அந்தத் தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும்.

இனி பேட்டரிக்கு மனு வந்தால், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டரால் அளக்கச் சொல்லுங்கள். வண்டி ராத்திரி முழுக்கச் சும்மா நின்ற பிறகு, ஒவ்வொரு பேட்டரியையும் தனியாக. 12.6 இருந்தால் நிறைவு, 12.2 பாதி, 12க்குக் கீழே என்றால் ஓய்ந்தது. இரண்டுக்கும் 0.2க்கு மேல் வித்தியாசம் இருந்தால் நடு ஒயரில் எதையோ மாட்டியிருக்கிறார்களா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். அந்த அளவைத் தீர்மான நோட்டில் கடன் தொகைக்குப் பக்கத்திலேயே எழுதி வைத்தால், அடுத்த மனு வரும்போது ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.