குவைத் தினாரில் ஒரு பில்

துபாயில் லைசென்ஸ் வாங்கியாயிற்று. விசா, வாடகை என்று கையிருப்பில் பாதி கரைந்துவிட்டது. இப்போது அணியில் இருக்கும் மூன்று பேரும் வெப்சைட்டை லாராவெலில் எழுதுவதா, ஜாங்கோவிலா, நோட் ஜேஎஸ்ஸிலா என்று வாரக்கணக்கில் வாதாடுகிறார்கள். அந்த வாதத்தை இன்றே முடித்துவிடுங்கள். உங்கள் முதல் டெவலப்பருக்கு எது கைவந்ததோ, அதுவே போதும்.

சென்னையில் 2010இல் தொடங்கிய ஃப்ரெஷ்டெஸ்க்கைப் பாருங்கள். அதை ரூபி ஆன் ரெயில்ஸிலும் மைஎஸ்க்யூஎல்லிலும் கட்டினார்கள். அன்றைக்கே பலருக்கும் பழகிய கருவிகள் அவை. கூட்டம் பெருகியபோது முதலில் பெரிய சர்வருக்கு மாறினார்கள். அடுத்து, படிப்பதற்கென்று டேட்டாபேஸுக்குத் தனி நகல் வைத்தார்கள். அதுவும் போதாமல் போன பிறகுதான் டேட்டாபேஸையே துண்டு துண்டாகப் பிரித்தார்கள். அந்த நிறுவனம் 2021இல் நாஸ்டாக்கில் பட்டியலானது. நூறு வாடிக்கையாளர்கூட இல்லாதபோதே மைக்ரோசர்வீஸ் என்று பத்துத் துண்டாக உடைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. பராமரிக்க ஆளுக்கு எங்கே போவார்கள்?

வளைகுடாவில் ஆள் விஷயம் இன்னும் கடினம். அபூர்வமான மொழி தெரிந்த ஒருவர் விலகினால், அடுத்தவரைத் தேடி, விசா எடுத்து, வேலை பழக்குவதற்குள் மாதங்கள் ஓடிவிடும். சென்னையிலோ கோவையிலோ எளிதாக ஆள் கிடைக்கும் மொழியென்றால் பிழைத்தோம். துபாய்க்கும் அங்கும் ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம், காலைக் கூட்டத்துக்குச் சிக்கலே இல்லை. ஒன்று மட்டும் கவனம்: அமீரகத்தில் 2022 முதல் சனி, ஞாயிறு விடுமுறை, சவுதியில் வெள்ளி, சனி. ஊரே ஓய்வு என்று நினைத்து ஞாயிறன்று புதிய வெர்ஷனை ஏற்றினால், ரியாத் வாடிக்கையாளரின் வேலை நாளில் கைவைக்கிறீர்கள்.

மொழிச் சண்டையில் மிச்சமாகும் நேரத்தைப் பணக் கணக்கில் போடுங்கள். திர்ஹமுக்கு 100 ஃபில்ஸ். குவைத் தினாருக்கும் பஹ்ரைன் தினாருக்கும் 1,000 ஃபில்ஸ், ஓமன் ரியாலுக்கு 1,000 பைசா. புள்ளிக்குப் பின் இரண்டே இலக்கம் என்று எழுதிவைத்த ஆப், குவைத்தில் கடை திறந்த அன்றே கணக்கில் உதைக்கும். ஆகவே தொகையை ஃப்ளோட்டாக வைக்கவே வேண்டாம். ஃபில்ஸில் முழு எண்ணாக வைத்து, பக்கத்திலேயே நாணயக் குறியீட்டையும் சேமியுங்கள்.

வாட் வரியும் அப்படித்தான். அமீரகத்தில் 2018 முதல் 5 சதவீதம். சவுதியும் அதே ஆண்டு 5இல் தொடங்கி, 2020 ஜூலையில் 15 ஆக்கியது. பஹ்ரைன் 2022இல் 5ஐ 10 ஆக்கியது. விகிதத்தை நிரலுக்குள் புதைக்காமல், எந்தத் தேதியிலிருந்து எவ்வளவு என்று டேபிளில் வையுங்கள். பழைய பில்லை மறுபடி அச்சிடும்போது பழைய வரிதான் வர வேண்டும்.

அரபியை "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று தள்ளுவதுதான் நான் அடிக்கடி காணும் தவறு. எழுத்து வலமிருந்து இடமாக ஓடும். நடுவில் வரும் போன் நம்பரோ இடமிருந்து வலமாக. மெனு, அம்புக்குறி, ஓரத்து இடைவெளி எல்லாமே பக்கம் மாறும். சிஎஸ்எஸ்ஸில் இடது, வலது என்று எழுதாமல், தொடக்கம், முடிவு என்ற தர்க்கப் பண்புகளில் முதல் நாளிலிருந்தே எழுதினால் கூடுதல் செலவு மிகக் குறைவு. இருநூறு பக்கம் கட்டிய பிறகு திருப்புவது வீட்டை இடித்துக் கட்டுவதுபோல. ஒருமை, பன்மை என்று இரண்டோடு நிறுத்தவும் முடியாது. அரபியில் எண்ணைப் பொறுத்து ஆறு வடிவங்கள் உண்டு.

சர்வர் எங்கே என்ற கேள்விக்கு, வாடிக்கையாளர் யார் என்பதே பதில். அமேசான் கிளவுட் 2019இல் பஹ்ரைனிலும், 2022இல் அமீரகத்திலும் வந்துவிட்டது. சாதாரணக் கடைக்கு மும்பை சர்வரும் ஓடும். மருத்துவமனைக்கு விற்கப்போகிறீர்கள் என்றால் கதை வேறு: உடல்நலத் தகவல் நாட்டை விட்டு வெளியே போவதை அமீரகத்தின் 2019ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. முதலிலேயே வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

டெவலப்பரை எடுக்கும்போது புதிர்க் கணக்கு கொடுக்காதீர்கள். 12.345 குவைத் தினாருக்கு அரபியில் ஒரு பில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். நிரலை எந்த மொழியில் எழுதினாலும் சரி.