சினைக்கு வரும் சிஸ்கோ, சரிவில் நிற்கும் மஸ்கி

கேள்வி: மின்னசோட்டாவில் வேலை பார்க்கிறேன். அக்டோபர் பிறந்தால் எங்கள் ஏரியின் படகுத்துறையைச் சுற்றிப் பொடிமீன்கள் திரண்டுவிடுகின்றன. முட்டையிட வருகின்றன, பின்னாலேயே மஸ்கியும் வரும் என்கிறார்கள் நண்பர்கள். கூட்டத்தின் நடுவிலேயே தூண்டில் வீசிப் பார்க்கிறேன், ஒன்றுகூட எடுக்கவில்லை. எங்கே பிசகுகிறது?

பதில்: படகுத்துறையில் நீங்கள் பார்ப்பவை பெரும்பாலும் ஷைனர் வகைப் பொடிமீன்கள். அவை வசந்தத்தின் கடைசியிலும் கோடையிலும் முட்டையிட்டு முடித்தவை. ஒளிந்திருந்த நீர்ச்செடிகள் குளிரில் மடிந்ததும் கரையோரம் கூடுகின்றன, அவ்வளவுதான். உங்கள் பக்கத்து ஏரிகளில் இலையுதிர் காலத்தில் முட்டையிடுபவை ஒயிட்ஃபிஷும் அதன் உறவான சிஸ்கோவும். சிஸ்கோவை ஊர்க்காரர்கள் டுல்லிபி என்பார்கள். பெரிய மஸ்கி வேண்டுமென்றால் படகுத்துறையை விட்டுவிட்டு இந்த சிஸ்கோவின் நாட்காட்டியைப் படியுங்கள்.

சிஸ்கோ குளிர்நீர் மீன். ஆழமான ஏரிகளில் கோடை முழுவதும், பிராணவாயு இருக்கும் குளிர்ந்த அடுக்கைத் தேடிக் கீழேயே கிடக்கும். இலையுதிர் காலத்தில் மேல்நீர் குளிர்ந்து கனத்து இறங்கும். காற்றும் கலக்க, ஏரி மேலிருந்து அடிவரை ஒரே குளிர்ச்சிக்கு வரும். அதன்பின் சிஸ்கோவுக்கு எல்லா ஆழமும் ஒன்றுதான். நீர் ஏறக்குறைய 4, 5 டிகிரி செல்சியஸுக்கு இறங்கும்போது, அதாவது நவம்பர் நடுவிலிருந்து மாதக் கடைசிக்குள், சரளையும் கல்லும் நிறைந்த நீரடிப் பார்களுக்கு வரும். ஆண்மீன்கள் சில நாள் முந்தி வந்து காத்திருக்கும். முட்டையிடுவது பெரும்பாலும் பொழுது சாய்ந்த பிறகு. கூடு கட்டுவதில்லை, காவல் இருப்பதுமில்லை. முட்டைகள் கல்லிடுக்குகளில் விழுந்து, குளிர்காலம் முழுக்கப் பனிக்கட்டிக்கு அடியில் கிடந்து, பனி உருகும் வசந்தத்தில் பொரிக்கும்.

கொழுப்பு மிகுந்த மீன் இப்படி ஒரே இடத்தில் திரள்வதை மஸ்கி விடுமா? வரத்தான் செய்யும். ஆனால் அது நிற்கும் இடம் கூட்டத்தின் நடு அல்ல. ஆயிரக்கணக்கான மீன்களுக்கு நடுவே உங்கள் செயற்கை இரை இன்னொரு மீனாகக் கரைந்துபோகும். மஸ்கி பதுங்கித் தாக்கும் மீன். பாரின் விளிம்பு ஆழத்தை நோக்கிச் சரியும் இடத்தில், அதிலும் மூலை திரும்புகிற முனையில் நின்று, ஆழத்திலிருந்து ஏறிவரும் சிஸ்கோவை எதிர்பார்க்கும். பகலில் சிஸ்கோ சரிவுக்கு வெளியே ஆழநீரின் நடுமட்டத்தில் மிதந்துகொண்டிருந்தால் மஸ்கியும் அங்கேதான். சோனாரில் மேகம்போல் ஒரு திரள் தெரிந்தால் அதன் ஓரத்தையும் அடிப்பக்கத்தையும் தேடுங்கள். பொழுது சாயும்போது பாரின் விளிம்புக்கு நகருங்கள். இடத்தைவிட இந்த நேரமாற்றம்தான் பலருக்குப் பிடிபடுவதில்லை என்பது என் எண்ணம்.

இரை பெரிதாக இருக்கட்டும். 20 முதல் 30 சென்டிமீட்டர் நீளமுள்ள ரப்பர் இரையோ சிஸ்கோ வடிவ மரஇரையோ போதும். குளிர்ந்த நீரில் மீனின் உடல் மெதுவாகத்தான் இயங்கும். எனவே நிதானமாக இழுத்து, இடையிடையே நிறுத்தி, மறுபடி இழுங்கள். பல்லுக்குத் தாங்கும் கம்பியோ தடித்த ஃப்ளூரோகார்பனோ முன்னிழையாக இல்லாமல் வீசவே வீசாதீர்கள். நரம்பை அறுத்துக்கொண்டு, கொக்கியோடு போகும் மீனுக்கு அது பெரும் கொடுமை.

2021 நவம்பர் 22 அன்று மில் லாக்ஸ் ஏரியில் பிடிபட்ட மஸ்கிதான் மின்னசோட்டாவின் எடைச் சாதனை: 55 பவுண்டு 14.8 அவுன்ஸ், அதாவது 25 கிலோவுக்கு மேல். அதற்கு முந்தைய சாதனை 1957இல் பதிவானது. மில் லாக்ஸில் டுல்லிபியும் உண்டு, பிடிபட்ட நாளும் நான் சொன்ன அதே பருவம். பிடித்தவர்கள் அதைத் திரும்ப விடத்தான் பாடுபட்டார்கள். மீன் தேறவில்லை. இந்தப் பருவத்தில் காற்று உறைநிலைக்குக் கீழே இருக்கும், நீருக்கு வெளியே தூக்கினால் செவுளும் கண்ணும் உறையத் தொடங்கும். பெரிய வலைக்கூடைக்குள் நீரிலேயே வைத்துக் கொக்கியைக் கழற்றுங்கள். கழலாவிட்டால் வெட்டுக்குறடால் கொக்கியைத் துண்டியுங்கள். படம் எடுப்பதாக இருந்தால் கேமராவை முதலில் தயாராக வைத்துவிட்டுத் தூக்குங்கள்.

இன்னும் இரண்டு வேண்டுகோள். சரளைப் பாரின்மேல் நங்கூரத்தை இழுக்காதீர்கள், அடியில் அடுத்த ஆண்டின் மீன்கள் இருக்கின்றன. உயிர்காப்புச் சட்டையை ஒரு நிமிடமும் கழற்றாதீர்கள். 4 டிகிரி நீரில் விழுந்தால் முதல் மூச்சே திணறும், நீச்சல் தெரிந்தவருக்கும்தான். மஸ்கி பருவம் உங்கள் மாநிலத்தில் டிசம்பர் 1 உடன் முடிகிறது. ஆகவே கிடைக்கும் நாட்கள் கொஞ்சம்.

கேள்வி: சினைக்கு வரும் டுல்லிபியையே வலைபோட்டுப் பிடித்துச் சாப்பிடலாமா?

பதில்: மின்னசோட்டாவில் வசிப்பவர்கள் அதற்கென உள்ள உரிமத்தோடு, அறிவிக்கப்பட்ட ஏரிகளில் மட்டும் பிடிக்கலாம். ஒருவருக்கு ஒரு செவுள்வலை, நீளம் 100 அடிக்கும் அகலம் 3 அடிக்கும் மிகாமல், 6 அடிக்கு மேல் ஆழமில்லாத நீரில் விரிக்க வேண்டும். சில ஏரிகளுக்குத் தேதி முன்பே குறிக்கப்பட்டிருக்கும். மற்றவற்றை நீரின் குளிர்ச்சியைப் பார்த்து, 48 மணி நேர முன்னறிவிப்போடு திறப்பார்கள், வேறு மீன்கள் வலையில் சிக்காத நேரமாகப் பார்த்துத்தான். பிடித்ததை விற்கக் கூடாது. முள் அதிகம் என்பதால் பொரிப்பதைவிடப் புகையில் வாட்டிச் சாப்பிடுவதையே அங்குள்ளவர்கள் விரும்புகிறார்கள். கொழுப்புள்ள மீன், புகைக்கு நன்றாக ஈடுகொடுக்கும்.