தலைநகரில் ஒலிக்கும் பறை

குடியரசு நாள் நெருங்கும்போது தில்லி கண்டோன்மென்ட் பகுதியில் பல மொழிகள் கலந்து ஒலிக்கும். பல மாநிலக் கலைஞர்கள் அங்கு முகாமிட்டுத் தங்கி ஒத்திகை பார்ப்பர். 1953ஆம் ஆண்டுக் குடியரசு நாள் விழாவில் நாட்டுப்புற ஆடல்கள் முதன்முதலாக இடம்பெற்றன. அவ்வழக்கம் இன்றும் தொடர்கிறது. 2024ஆம் ஆண்டில் சங்கு, நாகசுரம், நகாரா முதலியவற்றை முழக்கி அணிவகுப்பைத் தொடங்கி வைத்தவர்கள் நூற்றுக்கும் மேற்பட்ட பெண் கலைஞர்கள்.

ஒவ்வொரு நிலமும் தனக்குக் கிடைத்த பொருளைக் கொண்டே இசைக்கருவி செய்துகொண்டது. அசாமியரின் பெப்பா எருமைக் கொம்பால் ஆனது. இராசத்தானின் அல்கோசா, ஒருவரே ஒரே மூச்சில் ஊதும் இரட்டைக் குழல். பஞ்சாபின் டோல், மரத்தைக் குடைந்து இருபுறமும் தோல் போர்த்தியது. நம் பறைக்கோ ஒரு முகமே உண்டு. வட்டமான மரச்சட்டத்தில் புளியங்கொட்டைப் பசை கொண்டு தோலை ஒட்டுவர். ஒரு கையில் குட்டையான அடிக்குச்சி. மறு கையில் மெல்லிய, நீண்ட சுண்டுக்குச்சி.

சனவரி மாத மூடுபனி பறைக்குப் பகை. ஈரம் ஏறிய தோல் தளர்ந்து மந்தமாக ஒலிக்கும். எனவே, கலைஞர்கள் சருகைக் கொளுத்தி, அந்த அனலில் பறையைக் காய்ச்சுவர். தோல் இறுகியதும் ஓசை கணீரென எழும். சிறிது நேரம் சென்றால் மீண்டும் காய்ச்ச வேண்டும். தில்லிக் குளிர் அத்தகையது!

பறை மிகப் பழமையானது. தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்தின் கருப்பொருள்களிலும் பறையைச் சேர்த்துள்ளது. அத்தகைய கருவியைப் பிற்காலத்தார் சாவு வீட்டுக்கு உரியதென ஒதுக்கினர். அதனை இசைத்தோரைத் தீண்டத்தகாதவர் என்று இழிவுபடுத்தினர். அவ்விழிவை ஏற்க மறுத்துப் பறையைக் கீழே வைத்தவர்கள் உண்டு. அதையே மேடைக்குக் கொண்டுசென்று நிமிர்ந்து நின்று இசைத்தவர்களும் உண்டு. இரண்டும் தன்மானத்தின் செயல்களே.

மதுரை மாவட்டத்தைச் சேர்ந்த பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. குடியரசு நாளுக்கு முந்தைய மாலையில் தில்லியிலிருந்து அவ்வறிவிப்பு வெளிவந்தது.

சொல்லும் பொருளும்
சருகு – உலர்ந்த இலை
அனல் – வெப்பம்
காய்ச்சுதல் – சூடேற்றுதல்

பயிற்சி
1. பறையை இசைப்பதற்கு முன் காய்ச்சுவது ஏன்?
2. பறையைக் கீழே வைத்தவர், மேடையேற்றியவர் ஆகிய இருவரின் செயலையும் ஆசிரியர் எவ்வாறு மதிப்பிடுகிறார்?
3. அணிவகுப்பைக் காணும் அண்டை வீட்டுத் தோழர், “இதுவும் டோல்தானே?” என்று கேட்கிறார். அவருக்கு நீ கூறும் விடையை ஐந்து தொடர்களில் எழுதுக.