பேசுற மொழியில எழுதினவங்க: நவீன கிரேக்க இலக்கியம்

கிரேக்க இலக்கியம்னா ஹோமர், பிளேட்டோன்னு சொல்லிட்டு நிறுத்திடுவோம். ஆனா அந்தச் சின்ன நாட்டுக்கு இலக்கிய நோபல் ரெண்டு தடவை கிடைச்சிருக்கு: 1963-ல் செஃபெரிஸ், 1979-ல் எலிடிஸ். ரெண்டு பேருமே கவிஞர்கள்.

இவங்களைப் புரிஞ்சுக்க, முதல்ல அங்க நடந்த மொழிச் சண்டை தெரியணும். அரசு அலுவலகத்திலும் பள்ளிக்கூடத்திலும் பழைய கிரேக்கத்தை ஒட்டி 'சுத்தம்' செய்த கதரேவுசா. வீட்டிலும் சந்தையிலும் டிமோடிக் என்ற பேச்சுமொழி. 1901-ல் ஒரு பத்திரிகை பைபிளைப் பேச்சுமொழியில் வெளியிட்டதால் ஏதென்ஸில் கலவரமே வெடித்தது. எட்டுப் பேர் இறந்தாங்க.

அந்தக் காலத்தில் துணிஞ்சு பேச்சுமொழியில் கவிதை எழுதியவர் கோஸ்டிஸ் பலமாஸ். 1943-ல் ஏதென்ஸ் ஜெர்மன் படையின் பிடியில் இருந்தப்போ அவர் இறந்தார். இறுதிச் சடங்குக்குத் திரண்ட கூட்டம், தடையைப் பத்திக் கவலைப்படாம தேசிய கீதம் பாடியது.

அடுத்தவர் யானிஸ் ரிட்சோஸ். 1936-ல் தெசலோனிகி நகரில் புகையிலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம். போலீஸ் சுட்டுச் செத்த மகன் பக்கத்துல ஒரு அம்மா அழுற படம் பத்திரிகையில் வந்தது. அதைப் பார்த்து, நாட்டுப்புற ஒப்பாரிச் சந்தத்தில் அவர் எழுதியதுதான் 'எபிடாஃபியோஸ்'. அதே வருஷம் வந்த மெடக்சாஸ் சர்வாதிகாரம் அந்தப் புத்தகத்தை எரித்தது. பின்னாளில் மிகிஸ் தியோடராகிஸ் இசையமைக்க, எரித்த வரிகளை ஊரே பாடுச்சு.

1967-ல் ராணுவ ஆட்சி வந்தது. ரெண்டு வருஷம் மௌனமா இருந்த செஃபெரிஸ், 1969-ல் அதை வெளிப்படையா எதிர்த்து அறிக்கை விட்டார். 1971-ல் அவர் இறுதி ஊர்வலத்தில், தியோடராகிஸ் மெட்டமைத்த அவருடைய கவிதையை மக்கள் பாடினாங்க. அது அரசியல் கவிதையே இல்லை, கடற்கரையைப் பத்தின காதல் கவிதை. ஆனா தியோடராகிஸ் இசைக்கே தடை இருந்ததால், பாடுறதே எதிர்ப்பாயிடுச்சு.

அகராதி பார்த்துப் படிக்கிற மொழியில் இருந்தா, அத்தனை பேர் சேர்ந்து மனப்பாடமா பாடியிருக்க முடியுமா? ராணுவ ஆட்சி 1974-ல் விழுந்தது. 1976-ல் டிமோடிக் கல்வி மொழியாச்சு. ஆனா கவிஞர்கள் அதுக்கு ரொம்ப முன்னாடியே முடிவு பண்ணிட்டாங்க.

எங்க ஆரம்பிக்கலாம்? நாவல் பிடிக்கும்னா கசான்ட்சாகிஸின் 'சோர்பா'. கவிதைன்னா கவாஃபி. அலெக்சாண்ட்ரியா நீர்ப்பாசன அலுவலகத்தில் குமாஸ்தா. கவிதைகளைத் தாள்களில் அச்சடித்து நண்பர்களுக்குக் கொடுத்தவர். அவர் எழுதினது பெரும்பாலும் சின்னக் கவிதைகள்தான். ஒண்ணு படிக்க ஒரு பஸ் பயணம் போதும்.