நியோடிமியத்துக்கு மாற்று: தேடுவது புதுப் பொருளையா?

2025 ஏப்ரலில் சீனா ஏழு அருமண் தனிமங்களுக்கும் அவற்றைக் கொண்டு செய்த காந்தங்களுக்கும் ஏற்றுமதி உரிமம் கட்டாயம் என்று அறிவித்தது. அது முதல் ஒரு பேச்சு பரவலாக அடிபடுகிறது. அருமண் காந்தம் இல்லையென்றால் காற்றாலை இல்லை; ஆகவே விஞ்ஞானிகள் அந்தக் காந்தங்களில் சேரும் அருமண் தனிமமான நியோடிமியத்தை மிஞ்சும் புதுப் பொருள் ஒன்றைச் சீக்கிரம் கண்டுபிடித்தாக வேண்டும் என்கிறார்கள். இதன் முதல் பாதி உண்மைக்குப் புறம்பானது. இரண்டாம் பாதி, இந்தத் துறையில் முனைவர் பட்ட ஆய்வு செய்பவர்கள் உண்மையில் என்ன வேலை செய்கிறார்கள் என்பதையே மறைத்துவிடுகிறது.

ஜெனரேட்டருக்குக் காந்தப்புலம் வேண்டும். அது நிலைக்காந்தத்திலிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை. கம்பிச்சுருளில் ஓடும் மின்னோட்டமே அதைத் தரும். கன்னியாகுமரி மாவட்டத்து முப்பந்தலில் சுழலும் காற்றாலைகளில் பெரும்பாலானவை கியர்பாக்ஸும் தூண்டல் ஜெனரேட்டரும் கொண்டவை. அவற்றின் ஜெனரேட்டரில் நியோடிமியம் கிடையாது. ஜெர்மனியின் எனர்கான் நிறுவனம் கியர்பாக்ஸே இல்லாத காற்றாலைகளைக்கூட வெறும் மின்காந்தங்களை வைத்துப் பல்லாண்டுகள் செய்து விற்றது. நிலைக்காந்தம் இன்றியமையாததாகத் தோன்றும் இடம் கடல். அங்கே கியர்பாக்ஸ் பழுதானால் கப்பலும் கிரேனும் அமைதியான வானிலையும் சேர்ந்து அமைய வேண்டும். அதனால் இறக்கையின் தண்டை நேரடியாக ஜெனரேட்டரோடு இணைத்துவிடுகிறார்கள். தண்டு நிமிடத்துக்குப் பத்துச் சுற்று அளவில் மெதுவாகத்தான் சுழலும் என்பதால், அகன்ற விட்டமும் வலுவான காந்தப்புலமும் தேவைப்படுகின்றன. இந்த வகையில் ஒரு மெகாவாட்டுக்கு ஏறத்தாழ 600 கிலோ காந்தம் போகிறது. அதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக அருமண். பத்து மெகாவாட் ஆலை ஒன்றின் உச்சியில் ஆறு டன் காந்தம் உட்கார்ந்திருக்கிறது. கவலைப்பட வேண்டிய இடம் இதுதான்.

அருமண் என்பதாலேயே அரிய பொருள் என்று கொள்வதும் தவறு. பூமியின் மேலோட்டில் சீரியம் ஏறத்தாழ செம்பின் அளவுக்கு இருக்கிறது. நியோடிமியம் ஈயத்தைவிட அதிகம். அதே குமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் இருப்பது நூறாண்டுக்கு மேலாகத் தெரிந்த செய்தி. அப்படியானால் நாமே தோண்டிக்கொள்ளலாமே என்று கேட்பவர்களுக்கு இரண்டு பதில்கள் உண்டு. முதலாவது பிரிப்பு வேலை: வேதியியலில் ஒன்றையொன்று உரித்து வைத்தாற்போன்ற பதினைந்துக்கும் மேற்பட்ட தனிமங்களை நூற்றுக்கணக்கான கரைசல் படிகளில் பிரித்தெடுக்க வேண்டும். மோனசைட்டில் கூடவே வரும் கதிரியக்கத் தோரியத்தையும் பாதுகாப்பாகக் கையாள வேண்டும். சீனாவின் பிடி நிலத்தடி வளத்தால் மட்டும் வந்ததன்று. இந்தப் பிரிப்புத் தொழிலைப் பல பத்தாண்டுகள் விடாமல் வளர்த்ததால் வந்தது. இரண்டாவது பதில் இதைவிடக் கடினமானது. சூடான ஜெனரேட்டருக்குள் நியோடிமியக் காந்தம் தன் காந்தத்தன்மையை இழக்காமலிருக்க டிஸ்ப்ரோசியம் என்ற இன்னொரு அருமண் தனிமத்தைச் சிறிது சேர்ப்பார்கள். மோனசைட்டில் அது மிகச் சொற்பம். தென் சீனாவிலும் மியான்மரிலும் உள்ள களிமண் படிவுகளிலிருந்துதான் பெரும்பகுதி வருகிறது. மணவாளக்குறிச்சி நியோடிமியம் தரலாம், டிஸ்ப்ரோசியம் தராது.

பழைய காந்தங்களை மறுசுழற்சி செய்யலாம் என்பது நல்ல யோசனைதான். ஆனால் ஒரு காற்றாலை இருபது, இருபத்தைந்து ஆண்டு ஓடும். இன்று நிறுவும் காந்தம் 2045க்கு முன் கைக்கு வராது.

ஆகவே மாற்றுக் காந்தத்துக்கான தேவை உண்மையானது. ஆனால் மாற்றுப் பொருள்களின் பட்டியலைப் பார்த்தால் ஒன்று தெளிவாகும்: அதில் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியவை மிகக் குறைவு. மாங்கனீசு–பிஸ்மத் சேர்மம் காந்தமாகும் என்பது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தெரியும். இரும்பு நைட்ரைடின் சிறப்பு வடிவம் 1950களில் பதிவாயிற்று. மாங்கனீசு–அலுமினியம் 1958இல் வந்தது. இரும்பு அணுக்களும் நிக்கல் அணுக்களும் அடுக்கு மாறி அடுக்காக அமைந்த டெட்ராடீனைட் விண்கற்களில் கிடைக்கிறது. அதே அடுக்கை 1960களில் பிரான்சின் கிரனோபிளில் லூயி நீலின் குழுவினர் நியூட்ரான் கதிர்வீச்சின் உதவியால் ஆய்வகத்தில் வரவழைத்தார்கள். பொருள்கள் கையில் இருந்தும் காந்தங்கள் சந்தைக்கு வரவில்லை. ஏன் என்ற இந்தக் கேள்வியோடுதான் இன்றைய ஆய்வு மாணவர் மல்லுக்கட்டுகிறார்.

விடை காந்த நீக்குத்திறனில் இருக்கிறது. எவ்வளவு பலமாகக் காந்தமாகும் என்பதை மட்டும் பார்த்தால் சாதாரண இரும்பே நியோடிமியக் காந்தத்தை மிஞ்சும். ஆனால் எதிர்த்திசையில் சிறு புலம் பட்டாலே இரும்பின் காந்தத்தன்மை புரண்டுவிடும். ஜெனரேட்டருக்குள் சுருள்களின் எதிர்ப்புலம் இடைவிடாமல் தாக்கும். அதற்கு ஈடுகொடுத்துத் திசை மாறாமல் நிற்கும் திறனே நீக்குத்திறன். ஒரு படிகத்தின் உள்ளமைப்பை வைத்து இத்திறன் எவ்வளவு இருக்க வேண்டும் என்று கணக்கிடலாம். உண்மைக் காந்தங்களில் கிடைப்பது அந்தக் கணக்கில் பெரும்பாலும் நான்கில் ஒரு பங்குதான். வில்லியம் ஃபுல்லர் பிரௌன் 1940களில் சுட்டிய இந்த முரண் அவர் பெயராலேயே வழங்குகிறது. துகளின் மேற்பரப்பில் சில நானோமீட்டர் அளவுக்கு ஒரு குறை இருந்தால் போதும்; புரளுதல் அங்கே தொடங்கித் துகள் முழுவதும் பரவிவிடும்.

நியோடிமியக் காந்தத்தின் சொந்த வரலாறே இதற்குச் சான்று. மசாட்டோ சகாவா 1980களின் தொடக்கத்தில் ஜப்பானில் செய்த காந்தத்தின் ஆற்றல் பெருக்கம், அதாவது காந்தத்தின் வலுவைக் குறிக்கும் அளவு, கன மீட்டருக்குச் சுமார் 290 கிலோஜூல். பின்னர் ஆய்வகங்கள் எட்டிய உச்சம் 470ஐத் தாண்டியது. நடுவில் மூலச்சேர்மம் மாறவேயில்லை. துகளை நுண்ணிதாக்கியதும், துகள்களை ஒரே திசையில் வரிசைப்படுத்தியதும், ஒவ்வொரு துகளையும் சுற்றி நியோடிமியம் மிகுந்த மெல்லிய படலம் சீராகப் படியச் செய்ததும்தான் அந்த உயர்வைத் தந்தன. காந்தம் செய்முறையால் ஆகிறது என்பதற்கு இதைவிட வலுவான ஆதாரம் எனக்குத் தெரியவில்லை.

மாங்கனீசு–பிஸ்மத்தைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். சூடேற ஏற இதன் நீக்குத்திறன் கூடுகிறது. நியோடிமியத்துக்கு நேர்மாறான இந்தக் குணம் ஜெனரேட்டருக்குப் பெரும் வரம். ஆனால் இரண்டு உலோகங்களையும் உருக்கி ஆறவிட்டால், வேண்டிய சேர்மம் 446 டிகிரி செல்சியஸுக்குக் கீழேதான் உருவாகிறது. அதற்கு முன்பே மாங்கனீசின் ஒரு பகுதி தனியே உறைந்துவிடுகிறது. அதனால் கீழ் வெப்பநிலையில் நெடுநேரம் பதப்படுத்த வேண்டும். பிறகு ஆர்கான் வாயுவுக்குள், எஃகுக் குண்டுகள் உருளும் கலத்தில் பொடியாக்க வேண்டும். அரைக்க அரைக்கத் துகள் சிறுத்து நீக்குத்திறன் ஏறும். கூடவே சேர்மம் சிதைந்து காந்தமாகும் அளவு இறங்கும். ஈரக்காற்று பட்டால் அது இன்னும் இறங்கும். எங்கே நிறுத்துவது என்பதைக் கண்டறியவே மாதங்கள் பிடிக்கும். அதன்பின் பொடியை அழுத்திக் கட்டியாக்கினால் துகள்கள் ஒன்றையொன்று தொட, ஒன்று புரளும்போது பக்கத்துத் துகளும் புரண்டு, ஏற்றிய நீக்குத்திறனில் பெரும்பகுதி போய்விடும். துகள்களுக்கிடையே எந்தப் படலத்தை எப்படிப் புகுத்துவது என்பதே ஒரு முழு ஆய்வேட்டுக்கான பொருள். அதன் முடிவு நியோடிமியத்தை வெல்லாது. வெல்லும் என்று அந்த ஆய்வாளர் சொல்லவும் மாட்டார்.

வெல்லாத காந்தத்தால் என்ன பயன் என்று கேட்பது நியாயமே. மலிவான ஃபெரைட் காந்தத்தின் ஆற்றல் பெருக்கம் கன மீட்டருக்கு 40 கிலோஜூலுக்கும் கீழே. நியோடிமியம் 400ஐ ஒட்டியது. நடுவில் கிடக்கும் பெரிய வெற்றிடத்தை இன்று எதுவும் சரிவர நிரப்பவில்லை. நூறிலிருந்து இருநூறு வரை தரும் காந்தம் இருந்தால் ஏராளமான பயன்பாடுகளில் நியோடிமியத்தை விடுவிக்கலாம் என்று டப்ளின் இயற்பியலாளர் மைக்கேல் கோயி நெடுங்காலமாக வாதிட்டு வருகிறார். அந்த வாதம் சரியென்றே நினைக்கிறேன். விடுவிக்கப்படும் நியோடிமியம் வேறெதுவும் ஈடுகொடுக்காத கடல் காற்றாலைக்குப் போகட்டும். வலு குறைந்த காந்தம் என்றால் ஜெனரேட்டரின் எடை ஏறும், கோபுரத்தின் செலவும் ஏறும் என்பது உண்மைதான். ஆனால் அது பொறியாளர் கணக்கிட்டு முடிவு செய்யக்கூடிய செலவு. உரிமம் கிடைக்குமா என்று காத்திருக்கும் நிலையன்று.

இன்னொரு ஆட்சேபம் கூர்மையானது: அருமண் வேண்டாம் என்று பிஸ்மத்துக்குப் போனால், உலகின் பிஸ்மத்திலும் பெரும்பகுதியைச் சீனாதான் சுத்திகரிக்கிறது. மறுக்க முடியாது. அதனால்தான் இரும்பும் நைட்ரஜனும், இரும்பும் நிக்கலும் கொண்ட பாதைகளைக் கைவிடாமல் வைத்திருக்க வேண்டியிருக்கிறது. அவையும் எளியவையல்ல. டெட்ராடீனைட்டின் அணு அடுக்கு 320 டிகிரிக்குக் கீழேதான் நிலைக்கும். அந்த வெப்பத்தில் அணுக்கள் நகர்வதே அரிது. விண்கல்லில் இயற்கை அதற்குப் பல பத்து லட்சம் ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. பாஸ்பரஸ் சேர்த்தால் வார்ப்பிலேயே அது உருவாகிறது என்று 2022இல் கேம்பிரிட்ஜ் குழு ஒன்று அறிவித்தது. இரும்பும் நிக்கலும் எக்ஸ்-கதிருக்கு ஏறத்தாழ ஒன்றுபோலவே தெரிவதால், அடுக்கு உண்மையில் அமைந்ததா என்று மெய்ப்பிப்பதே தனி உழைப்பு. பிற ஆய்வகங்கள் அதைத் திரும்பச் செய்து பார்க்கும் வேலை தலைப்புச் செய்தியாகாது. ஆனால் அது இல்லாமல் அந்தத் தலைப்புச் செய்திக்கு மதிப்பில்லை.

அருமண் இல்லாத காந்தம் வந்துவிட்டது என்று அடுத்த முறை படிக்கும்போது, அளந்தது மில்லிகிராம் பொடியையா, முழுக் கட்டியையா என்று முதலில் பார்க்க வேண்டும்; அறை வெப்பத்திலா, 120 டிகிரியிலா என்று அடுத்துப் பார்க்க வேண்டும். இரும்பு நைட்ரைடின் சிறப்பு வடிவம் 200 டிகிரியைத் தாண்டினால் சிதையத் தொடங்கிவிடும். ஆகவே நியோடிமியக் காந்தத்தைப் போல ஆயிரம் டிகிரியில் சுட்டு இறுக்கும் வழி அதற்குக் கிடையாது. குளிரிலேயே பொடியை அடர்த்தியாக்கும் முறை ஒன்றைத்தான் அதற்கு வகுத்தாக வேண்டும்.