பெரிய கோயில் நோட்டுக்கு என்ன விலை?

கேள்வி: மலேயாவிலிருந்து திரும்பிய என் தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் தஞ்சைப் பெரிய கோயில் படம் போட்ட ஆயிரம் ரூபாய் நோட்டு ஒன்றும், வாழைமரம் போட்ட பத்து டாலர் நோட்டுக் கட்டு ஒன்றும் இருந்தன. என்னிடம் 786 என்று முடியும் டிராக்டர் படம் போட்ட ஐந்து ரூபாய் நோட்டும் உண்டு. அதற்குப் பல லட்சம் தருவதாகவும், முதலில் பதிவுக் கட்டணம் கட்டும்படியும் வாட்ஸ்அப்பில் ஒருவர் சொல்கிறார். கட்டலாமா?
– வாசகர், பேராவூரணி

பதில்: ஒரு பைசா கட்டாதீர்கள். பழைய நோட்டு வாங்குவதிலும் விற்பதிலும் தன் பெயரில் கட்டணம் வசூலிக்க யாருக்கும் அனுமதி தரவில்லை, தானும் வாங்குவதில்லை என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. ஆறு இலக்க எண்ணில் ஆயிரத்துக்கு ஒன்று 786-ல்தான் முடியும். அதில் அபூர்வம் எங்கே இருக்கிறது? ஐந்து ரூபாய் நோட்டு இன்றும் செல்லும், செலவழித்துவிடலாம்.

வாழைமர நோட்டு, 1942 முதல் 1945 வரை மலேயாவை ஆண்ட ஜப்பானியர் அச்சடித்துக் குவித்தது. அவர்கள் சரணடைந்ததும் அது வெறும் காகிதமாகிவிட்டது. இன்றும் ஏராளமாகக் கிடைப்பதால் மலிவுதான். ஆனாலும் கட்டைப் பிரித்துப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் எழுத்துகள் மட்டுமே இருக்கும். வரிசை எண் அச்சிட்ட ஆரம்பகால நோட்டு ஒன்றிரண்டு இருந்தால் தனியே எடுத்து வையுங்கள். அவற்றுக்கு மதிப்புக் கூடுதல்.

உங்கள் பெட்டியில் உண்மையான சரக்கு நம்மூர்க் கோயில் நோட்டுதான். 1954-ல் வந்தது, 1978 ஜனவரியில் மொரார்ஜி தேசாய் அரசு செல்லாது என்று அறிவித்தது. வங்கியில் இன்று சல்லிக்காசுகூடப் பெறாது, சேகரிப்பாளரிடம் பெறும். எவ்வளவு என்பதை முதலில் கையெழுத்து சொல்லும். 1954-ன் கவர்னர் பி. ராமராவ் கையெழுத்துக்குப் போட்டி அதிகம். அதில் பம்பாய், கல்கத்தா, மதராஸ் என்று வெளியீட்டு ஊரின் பெயரும் இருக்கும். அதைப் பொறுத்தும் விலை மாறும். 1975-ல் மூன்றே மாதம் கவர்னராக இருந்த என்.சி. சென்குப்தாவின் கையெழுத்து இந்த ஆயிரம் ரூபாய் நோட்டில் மட்டும்தான் உண்டு.

அடுத்தது நோட்டின் நிலை. மடிப்பே விழாத நோட்டுக்கும், நாலாக மடித்துக் குண்டூசி குத்திய நோட்டுக்கும் விலையில் பல மடங்கு வித்தியாசம். அழகாக்குகிறேன் என்று கழுவுவதும், இஸ்திரி போடுவதும், கிழிசலில் செலோடேப் ஒட்டுவதும்தான் நம் வீடுகளில் நோட்டைக் கெடுக்கின்றன. அப்படியே உறையில் இட்டு, ஈரம் அண்டாத இடத்தில் வையுங்கள்.

விற்பதானால், இணையத்தில் கேட்கும் விலையை நம்பாதீர்கள்; கேட்பவர் என்ன வேண்டுமானாலும் கேட்கலாம். மும்பை, பெங்களூரு ஏல நிறுவனங்கள் வெளியிடும் முடிவுப் பட்டியலில், அதே கையெழுத்தும் அதே நிலையும் உள்ள நோட்டு என்ன விலைக்குப் போனது என்று பாருங்கள். அதில் ஏலக் கமிஷன் போகத்தான் உங்கள் கைக்கு வரும். நோட்டைத் தபாலில் அனுப்புமுன் இருபுறமும் படம் எடுத்து, எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.